பாலையும் படமும்

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில், அடைமழையின் காரணமாகப் பிற்பகல் வகுப்புக்கள் நடைபெறாத ஒரு நாளில், யாம் எமது கல்லூரி நூல் நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஒதுங்கியிருந்தோம். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் நன்கொடையாக அளித்த நூல்கள், பட்டியலில் இன்னும் ஏறாதனவாய், அங்கே ஒரு நீண்ட மேசைமீது குவிந்து கிடந்தன. பழைய உரைப் பதிப்பு ஏதேனும் அகப்படுமோ என்னும் ஆசையால் துழாவிய எம் கைக்கு அகப்பட்டது வேறொன்று. மடியில் வைத்தால் மடியையே மறைக்கும் அளவினதாய ஓர் ஆங்கிலப் படநூல் அது. அதன் பெயரை 'யாரும் அறியாத இடம்' என்று தமிழில் கூறலாம். அமெரிக்க நாட்டின் கொலராடோ ஆற்றங்கரையில் உள்ள கிளென் கான்யன் என்னும் நிலத்தைப் பற்றியது. எலியட் போர்ட்டர் என்பார் எடுத்த வண்ணப் புகைப்படங்களால் ஆயது. 1963ஆம் ஆண்டில் சியரா சங்கத்தாரால் வெளியிடப்பெற்றது. உரைநூலைத் தேடிச் சென்ற யாம், காவலர் வந்து விளக்கை அணைக்கும்வரை அம்மேசையை விட்டு அகன்றோமில்லை.

பாலை என்றதும் எம் மனத்தில் அதுகாறும் இரண்டு சித்திரங்களே இருந்தன. ஒன்று வகுப்பறையிற் பெற்றது. தொல்காப்பியனார் முல்லை முதலிய நான்கு நிலங்களுக்கும் தெய்வம் வகுத்தார். பாலைக்குத் தெய்வமும் கூறிலர், தனி நிலமும் கூறிலர். இளங்கோவடிகளோ, முல்லையும் குறிஞ்சியும் தம் நல்லியல்பு இழந்து திரிந்த நிலையே பாலை என்றார். எனவே பாலை என்பது தனக்கென ஓர் இயல்பில்லாதது. பிறிதொன்று கெட்டபின் எஞ்சி நிற்பது. மற்றைச் சித்திரம் ஆலயத்திற் பெற்றது. 'வனாந்தரம்' என்னும் சொல்லைக் குருவானவர் பிரசங்க பீடத்தினின்று உச்சரிக்குந்தோறும், இஸ்ரவேலர் நாற்பது ஆண்டு அலைந்த தண்டனை நிலமாகவே அது எம் செவியில் விழும். எரியும் முட்செடியை மோசே கண்டதும், எலியா அமர்ந்த மெல்லிய குரலைக் கேட்டதும் அவ்வனாந்தரத்திலேதான் என்பதை யாம் நன்கு அறிந்திருந்தும், அதனை நிலத்தின் பெருமையாக ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இலக்கணமும் பிரசங்கமும் ஒருங்கே கைவிட்ட நிலத்தின்மேல் எமக்கு அன்பு பிறக்க ஏது எங்கே?

அந்நூலில் யாம் எதிர்பார்த்த மணற்கடல் இல்லை. ஒட்டக நிரையும் இல்லை. கற்சுவர்கள் இருந்தன. கான்யன் என்பது ஆறு தானே வாளாகி அறுத்த, செங்குத்தான பாறைகளின் இடைப்பட்ட பள்ளம். கிளென் கான்யனின் பாறைகளுள் பெரும்பகுதி, ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்குமுன் காற்றினாற் குவிக்கப்பட்ட மணற்குன்றுகள் இறுகிக் கல்லானவை. அப்பழங்காற்று வீசிய திசையைப் பாறையின் சாய்ந்த வரிகளில் இன்றும் படிக்கலாம் என்பர். அச்சுவர்களின்மேல் மாங்கனீசும் இரும்பும் கலந்த கரும்பூச்சு, திரைச்சீலையின் மடிப்புக்கள்போல் மேலிருந்து கீழாக வழிந்து கிடக்கிறது. இடையிடையே ஒரு கசிவு. கசிவின் கீழே பெரணிச் செடிகள். அவற்றின் கீழே ஒரு சிறு குளம். இத்துணையும் மழை அருகிய ஒரு பாலையின் நடுவே!

போர்ட்டர் வானத்தைக் காட்டுவதில் விருப்பமுள்ளவரல்லர். தொடுவானமும் மேகமும் கொண்ட பெருங்காட்சிகளை வெள்ளையிலும் கருமையிலும் எடுத்துப் புகழ்பெற்ற ஆன்ஸல் ஆதம்ஸ் என்பாரோடு ஒப்பிட, இவர் வழி முற்றிலும் வேறு. வெயில் நேரே விழாத இடுக்குகளையே இவர் நாடினார். ஒரு பக்கத்துச் சுவரில் வெயில் பட்டுத் தெறிக்க, அத்தெறிப்பொளி எதிர்ப்பக்கத்து நிழற்சுவரிற் படிந்து, அதனைக் கொல்லன் உலைபோற் சிவப்பிக்கும். அவ்வேளையிலேயே மேலிருக்கும் வானத்தின் நீலம் ஈரப்பாறையில் இறங்கிக் கிடக்கும். செம்மையும் நீலமும் ஒரே கல்லில்! இவர் வண்ணத்தை மிகைப்படுத்தினார் என்று குறை கூறினாரும் உளர். படங்களைத் தாளில் ஏற்ற இவர் கையாண்ட சாயமாற்று முறையில், நீலம், செந்நீலம், மஞ்சள் என மூன்று சாயங்களைத் தனித்தனி அச்சுக்களினின்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளிற் படிவிப்பர். எதனைக் கூட்டுவது, எதனைக் குறைப்பது என்பது செய்வோன் கையில் இருக்கிறது. ஆயினும் நிழலில் நிறம் இல்லை என்பது நம் கண்ணின் சோம்பலேயன்றி உண்மையன்று என எமக்குத் தோன்றுகிறது. அன்று மழை விட்டபின் விடுதிக்குத் திரும்புகையில், ஆலயத்தின் வடபுறச் சுவரை முதன்முறையாக நின்று பார்த்தோம். அது வெள்ளைச் சுவரன்று.

போர்ட்டர் 1901ஆம் ஆண்டு பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவம் பயின்று, அங்கேயே உயிர்வேதியியல் ஆராய்ச்சியில் அமர்ந்தவர். 1938ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க்கில் ஸ்டீக்லிட்ஸ் என்னும் பெரியார் தம் கூடத்தில் இவர் படங்களைக் காட்சிக்கு வைத்தார்; அதன்பின் இவர் ஆராய்ச்சியைத் துறந்து படக்கலையையே தொழிலாகக் கொண்டார். பெற்றோர் பேச்சை மீறித் தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்த எம்போன்றார்க்கு இவ்வரலாறு ஓர் ஆறுதல் என்பதை இங்கே மறைக்க வேண்டுவதில்லை.

இனி, இப்படங்கள் ஏன் எடுக்கப்பட்டன என்பதைக் கூறுதல் வேண்டும். இது நூலின் அழகினும் எம்மை மிகுதியாக வருத்திய பகுதி.

கொலராடோ ஆற்றின் நீரை அதனைச் சார்ந்த மாகாணங்கள் தமக்குள் பங்கிட்டுக் கொள்வதற்கு 1922இல் ஓர் உடன்படிக்கை செய்தன. மேற்பகுதி மாகாணங்கள் கீழ்ப்பகுதிக்குத் தவறாது நீர் விடுத்தற்குப் பெருந்தேக்கங்கள் வேண்டும் எனப் பின்னாளில் அரசினர் கருதினர். 1950ஐ அடுத்த ஆண்டுகளில், அவ்வாற்றின் கிளையாகிய பசுமை ஆறு யாம்பா ஆற்றோடு கூடும் எக்கோ பார்க் என்னும் இடத்தில் ஓர் அணை கட்ட முனைந்தனர். அவ்விடம் டைனோசர் தேசிய நினைவுச் சின்னம் என்று முன்னரே காக்கப்பட்ட நிலத்துள் அடங்கியது. ஆனால் அதனைக் கண்டவர் மிகச் சிலர். காணாத நிலத்துக்காக எவர் வாதாடுவார்? இதனை உணர்ந்த சியரா சங்கத்தார் 1951இல் பிலிப் ஹைட் என்னும் இளைஞரைப் படமெடுத்து வர அனுப்பினர். அப்படங்களையும் பிறர் எடுத்தவற்றையும் கொண்டு, வாலஸ் ஸ்டெக்னர் பதிப்பாசிரியராக இருக்க, 1955இல் ஒரு நூல் வெளிவந்தது. நூலின் படி ஒன்று அமெரிக்கச் சட்டசபையின் உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் சேர்க்கப்பட்டது. 1956இல் நிறைவேறிய சட்டத்தில் எக்கோ பார்க் அணை இடம்பெறவில்லை. ஒரு நிலத்தைக் காக்கும் வழக்கில் புகைப்பட நூல் சாட்சிக் கூண்டில் ஏறிச் சான்று பகர்ந்து வென்றது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் அவ்வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. எக்கோ பார்க் கைவிடப்பட்டால் ஏனைய அணைகளை எதிர்ப்பதில்லை எனச் சங்கத்தார் இசைந்தனர். அதே சட்டத்தினால் அனுமதிக்கப்பட்டதுதான் கிளென் கான்யன் அணை. சங்கத்தின் நிர்வாக இயக்குநராயிருந்த டேவிட் பிரவர், அவ்வாறு இசைந்த காலத்தில் கிளென் கான்யனைத் தம் கண்ணாற் கண்டவரல்லர். பின்னர்ப் படகிற் சென்று கண்டார். கண்டபின் தூக்கம் இழந்தார். அதற்குள் 710 அடி உயரமுள்ள அணை எழுந்துகொண்டிருந்தது. போர்ட்டர் 1960ஆம் ஆண்டு முதல் பலமுறை அங்குச் சென்று படமெடுத்தார். 1963 மார்ச்சு மாதம் மதகுகள் அடைக்கப்பட்டன. நீர் ஏறத் தொடங்கியது. அதே ஆண்டில் நூல் வெளிவந்தது. அதன் முன்னுரையில் பிரவர், அந்நிலத்தின் சாவில் தமக்கும் பங்குண்டு என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். பாவ அறிக்கையை ஆலயத்தில் ஞாயிறுதோறும் கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்லிப் பழகிய எமக்கு, ஒருவர் தம் பெயரிட்டு அச்சில் அதனைச் செய்திருப்பதைப் படித்தபொழுது மெய் சிலிர்த்தது.

எமது விடுதி அறையைப் பங்கிட்டுக்கொள்ளும் பௌதிக மாணவ நண்பர் இக்கதையைக் கேட்டுச் சிரித்தார். "அந்த அணையினால் 1,320 மெகாவாட் மின்சாரம் ஆக்கலாமே, விளக்கை அணைத்துவிட்டு நீர் அந்தப் படநூலைப் பார்ப்பீரோ?" என்றார். அவர் கேள்வி பொருளற்றதன்று. அணை கட்டியோரும் தீயவர் அல்லர். பாலையில் வாழ்வோர்க்கு நீர் வேண்டும் என்று நம்பினவர்களே. அன்றியும், அவர்களும் படத்தின் வலிமையை அறிந்திருந்தனர். அரசினரின் அணைத்துறைத் தலைவராயிருந்த புளாய்டு டாமினி என்பார் 1965இல், தேங்கிய நீரின் அழகைக் காட்டும் வண்ணப் படநூல் ஒன்றைத் தாமே எழுதி வெளியிட்டார். நீல ஏரியும், செம்பாறையும், படகுகளும் அதில் உள்ளன. இங்ஙனம் படத்துக்குப் படமே மறுப்பாயிற்று. புகைப்படம் பொய் சொல்லாது என்பார்க்கு யாம் இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுவோம். இரண்டும் உண்மையே, எதைச் சட்டத்துக்குள் வைப்பது, எதைப் புறத்தே விடுவது என்பதிலேதான் வழக்கு முழுதும் அடங்கியிருக்கிறது.

அப்புறத்தே விடப்பட்டவற்றுள் மனிதரும் இருந்தனர். போர்ட்டர் நூலின் பெயரே எமக்குப் பின்னர் உறுத்தியது. யாரும் அறியாத இடமாம்! நவஹோ மக்களும் பிற பழங்குடியினரும் தலைமுறை தலைமுறையாக அறிந்த இடம் அது. அங்குள்ள வானவிற்பாலம் என்னும் கல்வளைவு 290 அடி உயரமுடையது. 1910ஆம் ஆண்டிலேயே தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்டது. நவஹோக்களுக்கோ அது அதற்கு நெடுங்காலம் முன்னரே தெய்வ உருவாய் இருந்தது. தேக்கத்தின் நீர் அதன் அடிவரை ஏறியதை எதிர்த்து அவர்கள் 1974இல் வழக்குத் தொடுத்தனர்; 1980இல் மேன்முறையீட்டு மன்றம் அவர்கள் வாதத்தை ஏற்கவில்லை. அழகைக் காண வந்தவர்களுடைய துயரத்துக்கு ஒரு பெருநூல் கிடைத்தது; முழங்காலிட வந்தவர்களின் துயரத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பொன்று கிடைத்தது.

எனினும் காலங்கடந்து வந்த அந்நூல் வீணாய்ப் போகவில்லை. கிளென் கான்யனின் கீழ்ப்புறத்தில், உலகறிந்த கிராண்ட் கான்யனை ஒட்டி மேலும் இரண்டு அணைகள் கட்டக் கருதியபொழுது, இழந்ததன் படங்கள் மக்கள் கண்முன் நின்றன. சங்கத்தார் 1964இல் கிராண்ட் கான்யனைப் பற்றி மற்றொரு படநூல் வெளியிட்டனர்; 1966இல் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் செய்தனர்; அதன் விளைவாய் வரிச்சலுகையையும் இழந்தனர். 1968இல் சட்டம் நிறைவேறியபொழுது அவ்விரு அணைகளும் அதில் இல்லை. மாண்டவன் படத்தைக் காட்டி, மாளவிருந்தவனை மீட்டனர்.

கிளென் கான்யனின் தேக்கம் நிரம்புவதற்குப் பதினேழு ஆண்டுகள் சென்றன. 1980இல்தான் முழு மட்டத்தை எட்டியது. இந்நூற்றாண்டிலோ மழையும் பனியும் குன்றின, நீர் இறங்கலாயிற்று. 2023ஆம் ஆண்டின் முற்பகுதியில் அது முழு மட்டத்தினின்று ஏறக்குறைய 180 அடி தாழ்ந்து நின்றது. மூழ்கிய பக்கப் பள்ளங்கள் சில வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று 'பாலையின் பேராலயம்' எனப் பொருள்படும் பெயருடையது: கல்லே கூரையாய்க் கவிந்த ஒரு பெருங்கூடம், அதன் கோடியில், பீடம் இருக்கவேண்டிய இடத்தில், நூல்போல் ஓர் அருவி. போர்ட்டரும் ஹைட்டும் அதனை நீர் மூடுமுன் படமெடுத்தனர். இன்றைய படக்காரர்கள் அப்பழைய படங்களைக் கையிற் கொண்டு, அவர்கள் நின்ற இடத்தைத் தேடி நின்று, மீண்டும் எடுக்கிறார்கள். சுவர்களில் நீர் நின்ற மட்டுக்கும் சுண்ணக்கறை வெளேரென்று தெரிகிறது. பள்ளத்தின் அடியில் வண்டல். வண்டலில் மீண்டும் முளைக்கும் மரங்கள். முன்பு அங்கே என்ன இருந்தது என்பதற்குப் பழைய படங்களே அளவுகோல். முல்லை திரிந்தால் பாலையாம். பாலை திரிந்தால் என்னவாம் என்று எம் இலக்கணம் கூறவில்லை.

இதுவரை எழுதியது நூல் நிலையத்தில் யாம் கற்றது. இனி எழுதுவது கற்றதைக் கையில் எடுத்தபொழுது நேர்ந்தது, பெருமைக்குரியதன்று.

எம் ஊர் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டின் ஓரத்தில் உள்ளது. காற்றுக் கொண்டுவந்து குவித்த செம்மணல். இரும்பின் துரு பூசிய மணல். பனையும் உடைமரமும் ஆங்காங்கே. பிறந்தது முதல் அதன்மேல் நடந்தும், அதனைக் 'காடு' என்பதன்றி வேறொன்றாக யாம் கருதியதில்லை. கோடை விடுமுறைக்குச் சென்றபொழுது, ஊருக்குத் தென்பால் ஒரு மேட்டினை மண்வாரி இயந்திரங்கள் பாதியளவு தின்றிருந்தன. எவர் வெட்டினர், எவர் இசைவால் வெட்டினர் என்பதை ஈண்டு எழுதப் புகவில்லை. கல்யாணங்களுக்குப் படமெடுக்கும் எம் அத்தானிடம் காமிரா ஒன்றை இரவல் வாங்கினோம். மூன்று நாட்கள் விடியற்காலையில் எழுந்து சென்று, நிழலும் ஒளியும் நோக்கி, போர்ட்டரின் சீடராகவே எம்மை எண்ணிக்கொண்டு படங்கள் எடுத்தோம். அவற்றுள் பன்னிரண்டைப் பெரிதாக அச்சிட்டு, ஆலயத்து அசனப் பண்டிகையன்று பந்தற்காலில் வரிசையாகக் கட்டினோம். ஊரார் கூடும் நாள், கண்டால் கேட்பார்கள், கேட்டால் பேசலாம் என்பது எம் எண்ணம்.

கண்டார்கள். "வெகு அழகு" என்றார்கள். "இராஜஸ்தானமா தம்பி? கல்லூரியிலே உல்லாசப் பயணம் கூட்டிப் போனார்களோ?" என்று ஆலயக் கமிட்டியிலுள்ள பெரியவர் ஒருவர் கேட்டார். எம் ஆச்சியும் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எய்யா, இது எந்த ஊரு?" என்றார்.

அறுபது ஆண்டு அத்தேரியில் சுள்ளி பொறுக்கியவர்! யாம் வாயடைத்து நின்றோம். இரவு அப்படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தபொழுதுதான் குற்றம் புலப்பட்டது. அழகு கெடும் என்று பள்ளத்தைச் சட்டத்துக்குப் புறத்தே விட்டிருந்தோம். லாரித் தடத்தை விட்டிருந்தோம். பனையேறுவோரின் குடிசையையும், தொலைவில் தெரியும் கோவில் கோபுரத்தையும், எம் ஆலயத்துச் சிலுவைக் கூம்பையும்கூட விட்டிருந்தோம். எஞ்சிய செம்மணல் எந்த ஊரதாகவும் இருக்கலாம். நூலாசிரியரைக் குறை கூறிய யாமே அவர் பிழையைப் பன்னிரண்டு முறை செய்திருந்தோம். அதிலும் அவருடைய கலைத்திறம் எம்மிடம் இல்லை.

விடுமுறை முடிய இரண்டு நாட்களே இருந்தன. மறுநாள் நண்பகலில், ஒளி சற்றும் நன்றாயில்லாத வேளையில், பள்ளத்தின் விளிம்பில் நின்று ஆறு படங்கள் எடுத்தோம். அத்தான் அவற்றைப் பார்த்து, "இதற்கா என் காமிராவை வாங்கினீர்?" என்றார். அச்சிட்டவற்றை இரவு ஆச்சியின் கையிற் கொடுத்தோம். அவர் விளக்கின் அருகே சென்று நெடுநேரம் பேசவில்லை. பின்பு ஒரு படத்தில், பள்ளத்தின் கீழ்க்கரையில், விரலை வைத்தார்.

"இங்கனதான் எங்க மாமியா பதனிப் பானையை இறக்கி வைப்பா. இந்தப் பக்கம் மூணு பனை நின்னுச்சு. அதுக்குக் கீழே ஐப்பசி மழைக்கு ஒரு சுனை கிடக்கும். தை வரைக்கும் வத்தாது."

அவர் சொல்லச் சொல்ல, யாம் அப்படத்தின் பின்புறத்திற் பென்சிலாற் குறித்துக்கொண்டோம். இடம் போதவில்லை, அடுத்த படத்தையும் திருப்பி வைத்துக்கொண்டோம்.